கொட்டாங்குச்சியும் ரோமாபுரிக் கோப்பையும்

"ரோமாபுரி இடிபாடு ஒண்ணு நம்ம பக்கத்துலயே கெடக்குது. பாத்துட்டு அப்படியே கடல்ல குளிச்சிட்டு வரலாம், வாங்கண்ணே" என்று தம்பிதான் கூப்பிட்டான். தம்பி என்றால் கூடப் பிறந்தவனில்லை. மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிற எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவன், சட்டக் கல்லூரி மாணவன். இன்னொருவர் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்றாவது அக்கா, செவிலியர். இரவு டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல், நாலு பேருக்கும் புளிசோறு கட்டிக்கொண்டு வந்து பஸ் ஏறியவர். நாலாவது ஆள் நான். நாலு பேரும் பழைய தென்னார்க்காட்டுச் சேரிகளில் பிறந்தவர்கள். அதைச் சொல்லாமலே எழுதப் பார்த்தேன், முடியவில்லை. காரணம் ஒரு டீக்கடை.

பஸ் மாறுகிற இடத்தில் டீ குடித்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து கண்ணாடிக் கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நாலு பேப்பர் கப் வந்தது. கேட்டுக் கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டார். நாங்களும் வாங்கிக்கொண்டோம். நின்றபடியே குடித்தோம், கூடையில் போட்டோம், பஸ் ஏறினோம். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் தம்பி சொன்னான்: "அவங்களுக்கெல்லாம் கிளாஸ்ல குடுத்தான், பாத்தீங்களா?"

பார்த்திருந்தோம். நாலு பேருமே பார்த்திருந்தோம். ஒருத்தரும் பேசவில்லை.

"வெளியூருக்காரங்க, பஸ் ஏறப் போற அவசரத்துல இருக்காங்கன்னு குடுத்திருப்பாரு" என்றார் அக்கா. "என் தோள்ல கெடக்குற பையில அம்பேத்கர் படம் இருக்குதுக்கா" என்றான் தம்பி. "அதனாலன்னு எப்படிச் சொல்ற?" "அதனால இல்லன்னு எப்படிக்கா சொல்றது?" இப்படியே போனது பேச்சு. வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பேச மாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாதது போல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பாருக்குக் கொட்டாங்குச்சி. டீக்கடைக் கூரையில, வாரிக்கு நடுவுல செருகியிருக்கும். அவரே எடுத்துத் தொடைச்சிக் கீழ வெப்பாரு, எட்ட நின்னு மேலேர்ந்து ஊத்துவாங்க. எனக்குத் தனிக் கிளாஸ் வந்துடுச்சி. அலுமினியம். குடிச்சிட்டுக் கழுவிக் கவுத்துட்டு வரணும். இப்பப் பேப்பர் கப்பு வந்திருக்குது. யாரும் கழுவ வேணாம். யாரும் யாரு எச்சிலையும் தொட வேணாம்."

"கேஸும் ஆவாது சார்" என்றான் தம்பி. "தனிக் கிளாஸ்னா படம் பிடிக்கலாம், சாட்சி சொல்லலாம். 1955 சட்டம் இருக்குது, 1989 சட்டம் இருக்குது. பேப்பர் கப்ப வெச்சிக்கினு இன்னா பண்றது? குடிச்சி முடிச்சதும் சாட்சியம் கூடைக்குப் போயிடுது."

இதை எழுத உட்கார்ந்தது இந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான். அந்தக் கடைக்காரர் சாதி பார்த்துக் கொடுத்திருக்கலாம். பார்க்காமலும் கொடுத்திருக்கலாம். பார்க்காமல் கொடுத்திருந்தால், ஒரு பாவமும் செய்யாத மனிதரை நாலு பேர் பஸ்ஸில் உட்கார்ந்து குற்றவாளி ஆக்கியிருக்கிறோம். அது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். ஆனால் ஊர்த்தெருவில் பிறந்த ஒருத்தர் அதே கடையில் அதே பேப்பர் கப்பில் குடித்திருந்தால் அவருக்கு அது வெறும் கப்பு. குடித்தார், எறிந்தார், மறந்தார். நமக்கு அது பரீட்சைத் தாள். சந்தேகப்படாமல் இருக்கிற சுகம் கூட இந்த நாட்டில் பிறப்பால் வருகிற சொத்துதான் போலிருக்கிறது. தம்பி அதைச் சட்டப் பாஷையில் சொன்னான்: "கோர்ட்ல சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு. டீக்கடையிலயும் அப்படித்தாண்ணே. பலன் பூரா அவங்களுக்கு. சந்தேகம் மட்டும் நமக்கு."

அரியாங்குப்பத்தில் இறங்கிக் காக்காயந்தோப்பு வழியாக நடந்தோம். மாசி மாத வெயில், தாங்கக்கூடிய வெயில். ஆற்றங்கரையோரம் தென்னையும் மாவும். தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை. ரோமாபுரி இடிபாடு என்றதும் தம்பி மனசில் சினிமா ஓடியிருக்க வேண்டும். தூண், மண்டபம், தலையில்லாத சிலை. எங்கள் கண்ணில் பட்டது செங்கல் சுவர்களின் மிச்சம். வேர் பிடித்து, காரை உதிர்ந்து நிற்கிறது. தம்பி அதைத் தடவிப் பார்த்து, "ரெண்டாயிரம் வருசம்!" என்றான். வாத்தியாருக்குச் சிரிப்பு. "ஏம்பா, அது பிரெஞ்சுக்காரப் பாதிரிமாருங்க பதினெட்டாம் நூற்றாண்டுல கட்டின மடம். ரோமாபுரி உன் காலுக்குக் கீழ இருக்குது. பாக்க முடியாது."

தோண்டியவர்களின் வரலாறு எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. 1930-களின் கடைசியில் புதுச்சேரியில் இருந்த ழுவோ-துப்ரெய்ல் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்கே கிடைத்த மணிகளையும் பொருள்களையும் சேர்த்தார். தோப்பில் விளையாடும் பிள்ளைகள் பொறுக்கி வந்து கொடுத்தவை அவற்றில் உண்டு என்பார்கள். 1944-இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு சாடியின் கழுத்துப் பகுதியைப் பார்க்கிறார். மத்தியதரைக் கடல் பக்கத்தில் ஒயினும் எண்ணெயும் அடைத்து அனுப்புகிற ஆம்போரா சாடி. எங்கே கிடைத்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கு வந்து, 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். அதன்பின் 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். ஆற்றோரமாக நூற்றைம்பது அடி நீளத்தில் ஒரு செங்கல் கட்டடம் வந்தது. பண்டகசாலை என்றார் வீலர். செங்கல் தொட்டிகள் வந்தன. மெல்லிய துணிக்குச் சாயம் போடுகிற தொட்டிகள் என்று கருதினார். கண்ணாடி மணி, கல் மணி, விளக்கு, தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு சொல்லும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வீலர் இதை 'ரோமானிய வணிகத் தலம்' என்று உலகத்துக்கு அறிவித்தார். பின்னால் வந்த ஆய்வு அவரைத் திருத்தியது. ரோமாபுரிச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, சரக்கு நின்ற பிறகும் இருந்தது. வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட ஒருவகைத் தட்டை மேற்கிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். அது இந்த நாட்டுக் குயவர்கள் செய்தது என்று தெரிந்தது. ஆக, ரோமாபுரி இடிபாடு பார்க்கப் போனவர்களுக்கு மேலே இருப்பதும் ரோமாபுரி இல்லை, கீழே இருப்பதும் முழுக்க ரோமாபுரி இல்லை.

வாத்தியாருக்கு இதில் ரொம்ப சந்தோசம். தமிழாசிரியர் அல்லவா! "இது நம்முதுப்பா. யவனன் நம்மகிட்ட வந்து கைகட்டி நின்னான். பிளினின்னு ஒருத்தன், வருசத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போயிடுதேன்னு பொலம்பினான்." மேடையில் ஆயிரம் தடவை கேட்ட பேச்சு. கேட்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ நிமிரும், எனக்கும்தான். பொய் சொல்வானேன். 2015-இலிருந்து கீழடி தோண்டத் தோண்ட அந்த நிமிர்வு கூடிக்கொண்டே போகிறது.

தம்பி விடவில்லை. "நம்முதுன்னா யாருது சார்?"

நல்ல கேள்வி. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஓலை இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் பத்திரம். மேற்குக் கரை முசிறியிலிருந்து ஹெர்மபோலோன் என்ற கப்பல் கொண்டுபோன தந்தத்துக்கும் துணிக்கும் நறுமணப் பொருளுக்கும் அதில் எடை வாரியாக, காசு வாரியாகக் கணக்கு இருக்கிறது. கிட்டத்தட்ட எழுபது லட்சம் செஸ்டர்ஸ் மதிப்பு. ஒரு தந்தம் எத்தனை எடை என்பது வரைக்கும் எழுதியவன், அதைத் தோளில் தூக்கிக் கப்பலில் ஏற்றியவன் யார் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. அந்தக் காலத்தில் சாதியே கிடையாது, எல்லாம் பின்னால் வந்தது என்று அடித்துச் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கிற மாதிரியேதான் அன்றைக்கும் இருந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் புறநானூற்றில் 'இழிசினன்' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்ட ஒருத்தன் இருந்திருக்கிறான் அல்லவா? பெருமையில் எனக்குப் பங்கு கொடுப்பதானால், அவன் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள் என்கிறேன். வாத்தியார் பதில் சொல்லவில்லை. கீழே குனிந்து ஓட்டாஞ்சில்லு ஒன்றை எடுத்தார், பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. தொல்லியல் என்கிற படிப்பே பானை ஓட்டின் மேல் நிற்கிறது. மனுசன் மக்கிப்போவான். துணி மக்கும், கூரை மக்கும், சோறு மக்கும். சுட்ட மண் மக்காது. எவன் எந்தப் பாத்திரத்தில் தின்றான், குடித்தான் என்பதை வைத்துத்தான் அவன் யார், எந்தக் காலம், யாரோடு பழகினான் என்று எழுதுகிறார்கள். வாத்தியாரின் அப்பா குடித்தது கொட்டாங்குச்சியில். கொட்டாங்குச்சிக்கு ஓடு இல்லை. அடுப்பில் போட்டால் நல்லா எரியும், மண்ணில் போட்டால் மக்கும். இன்னும் ரெண்டாயிரம் வருசம் கழித்து யாராவது அந்த டீக்கடையைத் தோண்டினால் கண்ணாடிக் கிளாஸின் சில்லு கிடைக்கும். 'இவ்வூரார் அனைவரும் ஒரே வகைக் கலத்தில் அருந்தினர்' என்று எழுதுவார்கள். எழுதுகிறவர் பொய் சொல்ல மாட்டார். அவருக்குக் கிடைத்த சாட்சியம் அவ்வளவுதான். பேப்பர் கப்பும் மிஞ்சப் போவதில்லை. நமக்குக் கொடுத்த பாத்திரம் ஒவ்வொன்றும் தடயமில்லாமல் போகிற பாத்திரமாகவே இருந்திருக்கிறது. திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. திட்டம் போடாமலே இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கிறதே, அதுதான் பயமாக இருக்கிறது.

மாமர நிழலில் உட்கார்ந்து புளிசோறு தின்றோம். அக்கா அப்பளம் வேறு பொரித்து எடுத்து வந்திருந்தார். தின்றுகொண்டே வாத்தியார் இன்னொரு பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார். இத்தாலியில் அரெட்சோ என்று ஒரு ஊர். அங்கே செய்த பளபளப்பான சிவப்புக் கோப்பை, தட்டு எல்லாம் அந்தக் காலத்தில் உலகம் பூராவும் போனது. அதன் உடைந்த துண்டுகள்தான் இங்கே கிடைத்து, அரிக்கமேட்டின் காலத்தை நிர்ணயிக்க வீலருக்கு உதவின. கோப்பையின் அடியில் செய்தவர் பெயரை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். இங்கே கிடைத்த துண்டுகளில் 'விபி', 'காமுரி', 'இட்டா' என்று முத்திரைகள் உண்டு. அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்களில் நிறையப் பேர் அடிமைகள். பட்டறை முதலாளி பெயரோடு சேர்த்து அடிமைக் குயவனின் பெயரையும் குத்துகிற வழக்கம் பல பட்டறைகளில் இருந்தது.

"அடிமையோட பேரா?" என்றான் தம்பி.

"அடிமையோட பேரு. கோப்பையில. அது கப்பலேறி ஊரு ஊரா போயிருக்குது."

நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கே விலைக்கு வாங்கிய அடிமைக்குத் தான் செய்த கோப்பையின் அடியில் ஒரு பெயர் இருந்தது. இங்கே விலை கொடுக்காமலே கிடைத்த மனிதனுக்குத் தான் குடிக்கிற பாத்திரம்கூடக் கூரையில் செருகிய கொட்டாங்குச்சி. அம்பேத்கர் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறார். அடிமைமுறையா, தீண்டாமையா, எது மோசம் என்று கேட்டு, ரோமாபுரி அடிமைகளில் வைத்தியர், ஆசிரியர், கணக்கர் இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். சட்டம் அடிமையை ஆளாக மதிக்கவில்லை, ஆனாலும் எசமானுக்கு அவன் ஒரு முதல். அவனுக்குச் சோறு போட்டாக வேண்டும், நோய் வந்தால் பார்க்க வேண்டும், தொழில் கற்றுக்கொடுத்தால் விலை ஏறும். தீண்டப்படாதவனுக்குச் சோறு போட வேண்டிய பொறுப்பு ஒருத்தருக்கும் இல்லை. அடிமைத்தனம் வெளிப்படையானது, அடிமைக்குத் தான் அடிமை என்று தெரியும். தீண்டாமை மறைமுகமானது, அதனால்தான் நீடிக்கிறது என்பது அவர் வாதம்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ரோமாபுரி அடிமைக்கு விடுதலை என்று ஒரு கதவு இருந்தது. எல்லாருக்கும் திறக்கவில்லை, ஆனால் இருந்தது. ஹொரேஸ் என்ற பெரிய கவி விடுதலை பெற்ற அடிமையின் மகன். அதைச் சொல்லி அவரைக் குத்திக்காட்டியவர்கள் இருந்தார்கள், அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இன்றைக்கு ரோம் நகரத் தெருவில் போகிற ஒருத்தரைக் காட்டி 'இவர் அடிமை வம்சம்' என்று யாராலும் சொல்ல முடியாது. அடிமைகளின் ரத்தம் அந்த ஊர் பூராவும் கலந்து போய்விட்டது. இங்கே எங்கள் நாலு பேரையும் பஸ் மாறுகிற இடத்தில், பேர் தெரியாத டீக்கடைக்காரர் ஒருத்தர், ஒரு பையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அல்லது கண்டுபிடித்துவிட்டார் என்று நாங்கள் நினைக்கிறோம். இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேசுறீங்க ரெண்டு பேரும்? ஆள விக்கிறது ஒங்களுக்கு நல்லா இருக்குதா? பேரு போட்டான், பேரு போட்டான்னு... மாட்டுக்குச் சூடு போடுறான், அதுவும் பேருதான். அவன் பொண்டாட்டிய ஒருத்தன்கிட்ட, புள்ளைய ஒருத்தன்கிட்ட வித்தா அதுக்கு எங்க முத்திர குத்துவான்?"

அக்கா சொன்னதற்கு மறுப்பே இல்லை. கி.மு. 73-இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் எழுந்தார்கள், கி.மு. 71-இல் தோற்றபோது, பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் ரோட்டோரமாகச் சிலுவையில் அறைந்தார்கள். ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டுகிற வழக்கம் இருந்தது. அந்த வளையத்திலும் எழுத்து உண்டு. இவன் ஓடிப்போகிறவன், பிடித்தால் எசமானிடம் கொண்டுவா என்று. கோப்பையில் பெயர் எழுதின அதே சமூகம் கழுத்திலும் எழுதியது. பெயர் இருப்பது மரியாதை என்று நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம். கொட்டாங்குச்சியில் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் என்றாலே ஏக்கம். அந்த ஏக்கம் சில நேரம் கண்ணை மறைக்கும்.

அதோடு, அடிமைத்தனம் அங்கே, தீண்டாமை இங்கே என்று பிரித்துப் பேசுவதும் முழு உண்மை இல்லை. தமிழ்நாட்டில் ரெண்டும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஆள் விற்ற செய்தி இருக்கிறது. காவிரிப் பாசனத்துப் பண்ணைகளில் நிலத்தோடு சேர்த்து ஆளும் கைமாறினார்கள். கும்பினி ஆட்சி 1843-இல் சட்டம் போட்ட பிறகுதான் அடிமைக்கு எசமான் உரிமை கொண்டாடுவதை நீதிமன்றம் ஏற்காது என்று ஆனது. அதாவது 1843 வரைக்கும் நம்மை விற்கவும் செய்யலாம், தொடவும் கூடாது. விற்கிற சரக்கைத் தொடாமல் விற்கிற வித்தை ரோமாபுரிக்காரனுக்குத் தெரியாது. இதைச் சொன்னதும் அக்காவே சிரித்துவிட்டார். அப்படிச் சிரிக்கத்தான் நமக்குத் தெரிகிறது.

வெயில் சாய்ந்த பிறகு வீராம்பட்டினத்துக்குப் போனோம். கருவாட்டு வாசனை, வலை, கரையேற்றிய படகுகள். தம்பி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் அளவில் நின்றார். அலை வரும்போதெல்லாம் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். ராத்திரி முழுக்க வார்டில் நின்ற கால். நான் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. தம்பிக்குத் தெரியும் என்று அவன் குதித்த குதியில் நினைத்தேன், அவனுக்கும் தெரியாது.

நீச்சல் தெரியாததை ரொம்ப நாள் என் கோழைத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் குளத்தில் ஊர்த்தெருப் பையன்கள் விடிந்ததிலிருந்து குதிப்பார்கள். எருமை இறங்கும். நாங்கள் கரையிலும் நிற்கக் கூடாது. எங்களுக்கு என்று இருந்தது ஒரு குட்டை. சித்திரையில் சேறு, ஐப்பசியில் முழங்கால் தண்ணி. அதில் எவன் நீச்சல் பழகுவான்? குளத்தை வைத்திருந்தவன் பிள்ளைக்கு அப்பன் சொல்லிக்கொடுக்காமலே வந்த வித்தை, நமக்கு ஐம்பது வயசிலும் வரவில்லை. 1927-இல் மகாடில் அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்ததைத் தண்ணீர் குடிக்கும் உரிமை என்றே படித்து வந்திருக்கிறேன். குளத்தை மறுத்தவர்கள் தாகத்துக்குத் தண்ணீரை மட்டும் மறுக்கவில்லை என்பது கணுக்கால் தண்ணீரில் நின்றபோது உறைத்தது.

கடலுக்கு ஊர்த்தெரு, சேரி கிடையாது என்று கவிதை எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். கடலுக்குக் கிடையாதுதான். 2004 டிசம்பர் 26 அன்று அது யாரையும் கேட்டு அடிக்கவில்லை. ஆனால் அதற்கடுத்த வாரமே நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் தலித்துகளைத் தனியாக ஒதுக்கியதும், தண்ணீருக்கும் சோற்றுக்கும் அவர்கள் அல்லாடியதும் அப்போதே அறிக்கைகளாக வந்தன. எல்லாம் போய், கட்டிய துணியோடு நிற்கிறபோதும் போகாத ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கரையேறியிருக்கிறோம்.

தம்பி இன்னும் கொஞ்சம் உள்ளே போனான். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் எழுந்து நின்று சத்தம் போட்டார்: "ஏ தம்பி! அந்தாண்ட போவாத, இழுக்கும்! இப்படி வா!" அவன் திரும்புகிற வரைக்கும் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. நாங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனசு உடனே போனது. கத்தியிருக்க மாட்டாரா? கத்தியிருப்பார். நிச்சயம் கத்தியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்குக்கூட ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதில் சொல்லி, என்னையே நான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. காலையில் சந்தேகம் ஒரு கடைக்காரர் மேல் வந்தது, சரி. ஒரு உயிரைக் காப்பாற்றக் கத்திய மனிதர் மேலும் வருகிறது என்றால், அது அவர்களைப் பற்றியது மட்டுமில்லை. நான் என்னவாக ஆகிப்போயிருக்கிறேன் என்பதும் அதில் இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "வார்டுல எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஊசி போடும்போது ஒரு பாட்டி கைய இழுத்துக்கிச்சின்னா வலிக்குதுன்னு இழுத்துச்சா, நான் தொட்டன்னு இழுத்துச்சான்னு. அதுக்காக ஊசி போடாம இருக்க முடியுமா?" என்றார். அவர் பாட்டுக்குச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது அதே இடத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. இருட்டிவிட்டது. அதே டீக்கடை. வேறு கடைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். சொன்னதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. தம்பி பையைத் தோளில் முன்பக்கமாக இழுத்து மாட்டிக்கொண்டு நேராகப் போனான்.

"நாலு டீண்ணே. கிளாஸ்ல."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பையைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. "காலையில கிளாஸ் பத்தலைங்க. சந்தை நாளு" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நாலு கிளாஸ் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

காசு கொடுத்தது அக்கா. நாற்பது ரூபாய். காலையில் நாற்பத்தெட்டு வாங்கினாரே என்றதற்கு, "பேப்பர் கப்புன்னா ரெண்டு ரூவா ஜாஸ்திங்க" என்றார். "அப்பக் காலையில நாமதான் காசு குடுத்து வாங்கியிருக்கோம்" என்று அக்கா எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். எதை என்று அவர் சொல்லவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் அடித்தார். நாங்கள் மூன்று பேரும் கடகடவென்று குடித்துவிட்டு எழுந்தோம். வாத்தியார் எழுந்திருக்கவில்லை. ரெண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதிக்கு மேல் இருந்தது.

"அடுத்த பஸ்ல போலாம்பா" என்றார்.